மூச்சு விடுவது தெரிந்துகொண்டே இருக்கிறது என்று பயப்படுகிறவர்களுக்கு

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர். சில மாதங்களாகத் தான் மூச்சு விடுவது தனக்கே தெரிந்துகொண்டிருக்கிறது, புத்தகத்தைத் திறந்தால் மூச்சு, சாப்பிட உட்கார்ந்தால் மூச்சு, படுத்தால் மூச்சு, கவனிக்காமல் விட்டால் நின்றுவிடுமோ என்று பயந்து தானே இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கிறது, எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாகிவிட்டது, எல்லாமே நார்மல், பிராணாயாமம் செய்து பார்த்ததில் கூடிப்போனதே தவிரக் குறையவில்லை, இதை எப்படி மறப்பது, வீட்டில் எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி.

தம்பி, இது உங்களுக்கு மட்டும் வந்த விநோதம் இல்லை. தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் பல வருடமாக மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன், கிட்டத்தட்ட உங்கள் வார்த்தைகளோடே வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் யாரும் நேராக இதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வீசிங் என்பார்கள், கேஸ் என்பார்கள், நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான், "சொன்னா சிரிக்கக் கூடாதுங்க, நான் மூச்சு விடுறது எனக்கே தெரிஞ்சுக்கிட்டே இருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். பைத்தியத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஓசிடி என்று சொல்கிறார்களே, வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க எதையாவது செய்துகொண்டே இருக்க வைக்கிற தொந்தரவு, அதன் ஒரு கிளை இது, பதற்ற நோய்களுக்கும் நெருங்கிய உறவு. சிலருக்கு மூச்சுக்குப் பதில் எச்சில் விழுங்குவதில் போய் மாட்டும், சிலருக்குக் கண் இமைப்பதில், சிலருக்கு நெஞ்சுத் துடிப்பில். வழி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்களுக்குப் பரிசோதனை முடிந்துவிட்டதால் உடம்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம். படி ஏறினால், சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்கி, உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தாலோ, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, கால் வீங்கினாலோ, இழுப்புச் சத்தம் கேட்டாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். சம்பா அறுவடையில் மெஷின் கிளப்புகிற தூசியிலும் மார்கழிப் பனியிலும் நிஜமான ஆஸ்துமாவே நம் பக்கம் பலருக்குக் கிளம்பும். பெண்களுக்கு ரத்தசோகை இருந்தாலும் மூச்சு வாங்கும், ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பதற்றத்தால் வருவதன் போக்கே வேறு. ஓடும்போது, கிரிக்கெட் ஆடும்போது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது காணாமல் போயிருக்கும், சும்மா உட்கார்ந்ததும் வந்து நிற்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்றுக்கட்டு சுமந்து வயலில் விசிறிக்கொண்டிருந்த அன்றைக்கெல்லாம் மூச்சு ஞாபகமே வரவில்லை என்று. சேற்றில் கால் புதையப் புதைய நாற்றுக்கட்டு சுமப்பது லேசான வேலையா? நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு இருந்தால் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும். பரிசோதனையும் நார்மல், வயலிலும் தொந்தரவு இல்லை, இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. இனி மன நிம்மதிக்காக இன்னொரு எக்கோ எடுக்க வேண்டாம்.

சரி, நின்றுவிடுமோ என்ற பயத்துக்கு வருவோம். மூச்சை நடத்துவது மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளம். அங்கே மூச்சின் தாளத்தை உண்டாக்குகிற ஒரு சின்ன நரம்பணுக் கூட்டத்தை 1991-இல் அடையாளம் கண்டார்கள். உங்கள் உத்தரவு எதுவும் அதற்குத் தேவையில்லை. ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலே அது உணர்ந்து அடுத்த மூச்சை இழுத்துவிடும். மேல் மூளையிலிருந்து நாமும் கொஞ்சம் குறுக்கிடலாம், பேச, பாட, நீச்சலடிக்க அந்த வசதி வேண்டும். ஆனால் அந்தக் குறுக்கீட்டுக்கு எல்லை உண்டு. வெண்ணாற்றில் முங்குநீச்சல் அடிக்கிற பையன் எவ்வளவு பிடிவாதமாக மூச்சை அடக்கினாலும் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் உடம்பு அவனை மேலே தள்ளிவிடும். ஒருவேளை ஒருவர் கரையில் உட்கார்ந்து மயக்கம் போடுகிற வரைக்கும் அடக்குகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நினைவு தப்பிய அந்தக் கணமே முகுளம் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் இந்தச் சில மாதமும் தூங்கினீர்கள்தானே? ஒவ்வொரு ராத்திரியும் யார் இழுத்து விட்டது?

கூகுளில் தேடியிருந்தால், தூக்கத்தில் மூச்சு விட மறக்கும் ஒரு நோய் இருப்பதாகப் படித்துப் பயந்திருப்பீர்கள். இருக்கிறது, ஆனால் மிக மிக அபூர்வம். பெரும்பாலும் மரபணுக் கோளாறால் வருவது, அதற்குக் காரணமான மரபணுவை 2003-இல் கண்டுபிடித்தார்கள். பொதுவாகப் பிறந்த குழந்தையாக இருக்கும்போதே தெரிந்துவிடும். இருபது வயதுக்கு மேல், கவலைப்பட்டதால் வருவது கிடையாது.

அப்புறம், மூச்சு பத்தவே இல்லை, எவ்வளவு இழுத்தாலும் அடி வரைக்கும் போகவில்லை, கொட்டாவி விட்டால்தான் நிறைகிறது என்ற உணர்வு. இது உங்களுக்கும் இருக்கும், எழுதவில்லை அவ்வளவுதான். உண்மையில் நடப்பது நேர் எதிர். தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறீர்கள். அப்படி வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும், அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதவென்று இருக்கும், நெஞ்சு இறுகும். உடனே மூச்சு போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் ஆழமாக இழுப்பீர்கள், அது இன்னும் கூடும். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற ஆக்ஸிமீட்டர் மட்டும் 98, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இதனால் ஆபத்து இல்லை, ஆனால் பயமுறுத்தும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வது பழைய காலத்து யோசனை, வந்தது நிஜமாகவே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ ஆனால் கெடுதலாகிவிடும் என்பதால் இப்போது சொல்வதில்லை.

ஆக்ஸிமீட்டர் என்றதும் சொல்லியாக வேண்டும். கொரோனா சமயத்தில் வாங்கிய அந்தச் சின்னக் கருவி இன்னும் பல வீட்டில் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. எல்லாரும் தூங்கின பிறகு போர்வைக்குள் விரலை மாட்டிக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்தில் எண் 97 ஆகிறதா 96 ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது, ஒன்று குறைந்தால் விரல் மாற்றி மாட்டுவது, மறுபடி 98 வந்ததும் ஒரு நிம்மதி, அடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்தேகம். 95-க்கு மேல் எல்லாமே சரியான அளவுதான். குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறாகவும் காட்டும். அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் மூளை, "பார்த்ததால் தப்பித்தோம்" என்று எழுதி வைத்துக்கொள்கிறது, அதனால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரமே பார்க்கச் சொல்கிறது. கருவியை உறவுக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கண்ணாடி முன்னால் நெஞ்சைப் பார்ப்பது, மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பது, நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவது, யூடியூபில் திரும்பத் திரும்ப இதையே தேடுவது எல்லாம் அதே வேலைதான்.

இப்போது உங்கள் நேரான கேள்வி, எப்படி மறப்பது. மறக்க முயற்சி செய்யாதீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிறார்களே, அதையே டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் சோதித்துப் பார்த்தார். மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது முதலிலிருந்தே நினைக்க விட்டவர்களைவிட இவர்கள் அதிகம் நினைத்தார்கள். மறந்துவிட்டோமா என்று பார்ப்பதற்கே மூச்சைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது, அப்புறம் எப்படி மறக்கும்? ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு மில் ஓடுகிற சத்தம் உறைப்பதில்லை. அவர் காதைப் பொத்திக்கொண்டு அந்த நிலைக்கு வரவில்லை, அந்தச் சத்தத்தால் அவருக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். உங்கள் மூச்சும் அப்படித்தான் பின்னுக்குப் போகும். முதலில் பயம் குறையும், கவனம் அதற்குப் பிறகுதான் நகரும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பயம் பாதியாகக் குறைந்த பிறகும் இன்னும் மூச்சு தெரிகிறதே என்று சோர்ந்துபோய் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திண்ணையிலோ படித்துறையிலோ உட்காருங்கள். மூச்சு வெளியே போய் முடிகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். உங்கள் தொந்தரவு முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. அடுத்தது வராதோ என்று தோன்றும், தோள் ஏறும், கழுத்துப் பக்கம் தசை இறுகும், மேல் நெஞ்சால் வெடுக்கென்று இழுத்துவிடுவீர்கள். இப்படி இழுத்த மூச்சு திருப்தியாகவே இருக்காது. அந்த இடத்தில் இழுக்காதீர்கள், அடக்கவும் செய்யாதீர்கள். பயமாக இருக்கட்டும், காத்திருங்கள். இரண்டு நொடியோ நான்கு நொடியோ கழித்து வயிறு தானாக அசைந்து மூச்சு உள்ளே வரும், சின்னதாக, ஒழுங்கில்லாமல். ஒன்று ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருக்கும், நடுவில் ஒரு பெருமூச்சு வரும். சில நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு எல்லாருக்கும் தன்னால் வருவதுதான், நுரையீரலின் சுருங்கிப்போன காற்றறைகளை விரிக்க உடம்பு செய்கிற வேலை அது. இதைச் சில தடவை செய்து, மூச்சு உங்களை நம்பி இல்லை என்று உடம்பால் தெரிந்துகொண்டால் போதும். தினமும் ராத்திரி செய்து உறுதிப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தால் அது இன்னொரு ஆக்ஸிமீட்டர் ஆகிவிடும்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டம், ஆனால் குணம் இதில்தான் இருக்கிறது. மூச்சின் ஞாபகத்தை நீங்களே கூப்பிடுங்கள். ஒரு சின்னத் தாளில் "மூச்சு" என்று எழுதிப் படிக்கிற மேஜையில் ஒட்டிவையுங்கள். அதைப் பார்த்ததும் ஞாபகம் வரும், வரட்டும், "ஆமாம், மூச்சு தெரிகிறது, சாயங்காலம் வரைக்கும் தெரியலாம், வாழ்நாள் முழுக்கக்கூடத் தெரியலாம், நான் இந்தப் பக்கத்தை முடிக்கப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தைப் படியுங்கள். வாழ்நாள் முழுக்க என்று சொல்லும்போது அடிவயிறு கலங்கும். கலங்கட்டும், அந்தக் கலக்கத்தோடு உட்கார்ந்து, இழுத்துப் பார்க்காமல், எண்ணாமல், கொட்டாவி வரவழைக்காமல் இருப்பதுதான் பயிற்சி. ஓசிடிக்கு இந்த வழியை முதலில் சோதித்து எழுதியவர் விக்டர் மேயர் என்ற லண்டன் உளவியலாளர், 1966-இல். இன்றைக்கு ஈஆர்பி (பயத்தை எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்கிற பதில் செயலைச் செய்யாமல் இருப்பது) என்ற பெயரில் ஓசிடிக்கான முதன்மையான பேச்சுச் சிகிச்சை இதுதான். உங்களைப் போல இதயமும் நுரையீரலும் சரியாக இருப்பவர்களை இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடி மூச்சு வாங்க வைத்து, அந்த உணர்வோடு உட்காரப் பழக்குவதும் உண்டு, அதை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பது நல்லது. இன்றைக்கு எத்தனை தடவை ஞாபகம் வந்தது என்று குறித்து வைக்க வேண்டாம். எத்தனை பக்கம் படித்தோம், மாட்டுக்குத் தண்ணி காட்டினோமா, நண்பனோடு பேசினோமா என்பதைக் குறியுங்கள்.

பிராணாயாமத்தைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. திருமூலர் இருந்த திருவாவடுதுறை நம் பக்கம்தான். ஆனால் இந்தத் தொந்தரவு இருக்கும்போது நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு என்பது ஏற்கெனவே மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பவரை இன்னும் கிட்டே கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அதிலும் மூச்சை அடக்குகிற கும்பகத்தை ஆள் இல்லாமல் வீடியோ பார்த்துச் செய்வது வேண்டவே வேண்டாம். இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். குணமான பிறகு, பயத்தைத் தணிக்க என்று இல்லாமல், பிடித்திருந்தால் செய்துகொள்ளலாம். மூச்சைக் கவனிப்பதே நோய் என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நரசிங்கம்பேட்டையில் செய்த நாகஸ்வரத்தை வாயில் வைக்கிறவர் நாள் முழுக்க மூச்சோடுதான் மல்லுக்கட்டுகிறார். சாதகம் செய்கிற பையனை உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். கன்னம் புடைக்க ஒரே ஸ்வரத்தை நிறுத்திப் பிடிக்கிறான், மூச்சு தீர்ந்து நாதம் உடைகிறது, எடுத்துக்கொண்டு மறுபடி பிடிக்கிறான். மூச்சு தீர்வது அவனுக்குத் தெரியத்தான் தெரிகிறது, ஆனால் அவன் காது நாதத்தில் இருக்கிறது. உங்களுக்குக் காது கொடுக்க வேறு எதுவும் இல்லாமல், உயிரோடு இருக்கிறோமா என்று மட்டும் சோதித்துக்கொண்டிருப்பதுதான் வேதனை.

சிதம்பரத்தில் பொன்னம்பலத்துக் கூரையில் 21,600 பொன்னோடுகள், மனிதன் ஒரு நாளில் விடுகிற மூச்சின் கணக்கு என்று சொல்வார்கள். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கிற பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்று மருத்துவம் சொல்கிற கணக்குக்குள் அது சரியாக உட்காருகிறது. திருவாரூர்த் தியாகராஜரின் அசபா நடனமும் மூச்சைப் பற்றியதுதான். திருமால் தன் மார்பில் வைத்துப் பூசிக்க, அவர் மூச்சின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி இவர் ஆடினார் என்பது ஐதிகம். பக்தி இருந்தால் இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவை பிடிக்கும். ஆனால் மந்திரம் சொன்னால் மூச்சு சரியாகும் என்று பரிகாரமாகச் செய்தால் அதுவும் சோதித்துப் பார்க்கிற வேலையாக மாறிவிடும், கோயிலுக்குச் சாமி கும்பிடப் போங்கள்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் படிக்கவே முடியவில்லை, தூக்கம் கெடுகிறது, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கடைசியாகச் சொன்னது தோன்றினால் மூன்று வாரம் எல்லாம் இல்லை, அன்றைக்கே. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளியாகக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளுஆக்ஸிடின் மாதிரி மாத்திரைகள் கொடுப்பார்கள். இவை வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஓசிடி வகைக்கு இன்னும் கூடுதலாக. முதல் சில நாள் பதற்றம் கொஞ்சம் கூடுவதுபோலக்கூட இருக்கலாம், பயந்து நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மெடிக்கலில் தெரிந்தவர் மூலம் அல்பிரசோலம் என்ற பதற்றம் அடக்கும் மாத்திரையை வாங்கிப் போடுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது, தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். உடனே அடங்கும், பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது. தேர்வுக்காக ராத்திரி விழித்துக் காபி மேல் காபி குடிப்பதையும் குறையுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ தேர்வு நெருங்கினாலோ மூச்சு ஞாபகம் மறுபடி எட்டிப் பார்க்கும். எல்லாருக்கும் அப்படித்தான் வரும், அதற்காக எல்லாம் வீணாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அதே வழியில் நடந்தால் முன்னைவிடச் சீக்கிரம் போய்விடும்.

வீட்டில் சொல்வது. அம்மாவிடம் ஓசிடி, ஆங்சைட்டி என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். "அம்மா, எனக்கு நெஞ்சுல கோளாறு இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா மூச்சு மேலயே நினைப்பு போயிடுது, பயமா இருக்கு, அதுக்கு மருந்தும் பயிற்சியும் இருக்காம், நான் பார்க்கப்போறேன்" என்று சொன்னால் போதும். பயந்துபோய் மந்திரிக்கலாமா, தாயத்துக் கட்டலாமா என்பார், சண்டை போடாதீர்கள், விபூதி பூசினால் பூசிக்கொள்ளுங்கள், டாக்டரிடம் போவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு. காலையில் எழுந்ததும் "இப்ப மூச்சு எப்படிப்பா இருக்கு" என்று விசாரிக்க வேண்டாம். நீங்கள் ராத்திரி எழுப்பி, "அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டால், ஒன்றும் ஆகாது என்று பத்துத் தடவை சத்தியம் செய்ய வேண்டாம்; "அது உன் பயம் கேக்குற கேள்விப்பா, நான் பதில் சொல்ல மாட்டேன், பக்கத்துல வந்து படு" என்று சொல்லட்டும். மகன் தவிக்கும்போது இப்படிச் சொல்வது அவருக்குத்தான் உங்களைவிடக் கஷ்டமாக இருக்கும், ஏன் அப்படிச் சொல்லச் சொல்கிறோம் என்பதை முன்கூட்டியே பகலில், பதற்றம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்பாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் போகிற அன்றைக்கு அவர் கூட வந்தால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.